பெதூயின் வாழ்க்கையைப் படிக்க எந்தப் பயணியோடு போவது?

என் மனைவியின் தம்பிக்குத் தபூக்கில் வேலை கிடைத்திருக்கிறது. சவூதி அரேபியாவின் வடமேற்குப் பகுதி அது. கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு போனில் கேட்டான்: “மச்சான், எண்ணெய் வர்றதுக்கு முன்னாடி அந்தப் பக்கம் ஆளுங்க எப்படி வாழ்ந்தாங்கன்னு தெரிஞ்சுக்கணும். ஒரு புத்தகம் சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு. ரெண்டு சொன்னா ரெண்டையும் படிக்க மாட்டேன்.”

உடனே பதில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஐந்து நாள் ஆகிவிட்டது. அந்த ஐந்து நாளும் அலமாரியில் இருந்ததை இறக்கிப் போட்டு மறுபடி புரட்டிக்கொண்டிருந்தேன். யோசித்ததை இங்கே எழுதி வைக்கிறேன். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் நம்மில் ஏராளம். போகிற மண்ணைப் பற்றி இதே கேள்வி இன்னொருவருக்கும் வரலாம்.

பாலையில் ஒட்டகம் மேய்த்து அலைந்து திரிந்த அரபிகளான பெதூயின்கள் தங்கள் வரலாற்றைக் கவிதையில் வைத்திருந்தார்கள். எந்தக் கிணற்றடியில் யார் யாரைத் தாக்கினார்கள், எந்த ஷேக் (கூட்டத் தலைவன்) விருந்தாளிக்காகத் தன் கடைசி ஒட்டகத்தை அறுத்தான் என்பதெல்லாம் வாய்வழியாகத்தான் தலைமுறைகளைத் தாண்டி வந்தது. கூடாரத் துணி எப்படி நெய்தார்கள், பால் வற்றிய மாதங்களில் என்ன சாப்பிட்டார்கள், பெண் எப்படிக் கேட்டார்கள் போன்ற அன்றாட விஷயங்கள் எழுத்தில் ஏறியது பெரும்பாலும் வெளியாட்கள் கையால்தான். அதனால் நமக்கு இருக்கிற தேர்வு, எந்த வெளியாளை நம்பி அந்தக் கூடாரத்துக்குள் போவது என்பதே.

விலக்கியவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலேய ராணுவ அதிகாரி லாரன்ஸ் எழுதியது முதல் உலகப் போரின் கதை. பெதூயின்கள் அதில் படையாக வருகிறார்கள், குடும்பமாக அல்ல. ஆங்கிலேயப் பயணி தெசிகர் ருப் அல் காலி மணற்பரப்பில் ஒட்டகத்தில் அலைந்தது 1945க்கும் 1950க்கும் இடையில். அருமையாக எழுதியிருக்கிறார், ஆனால் அது தெற்கு, காலமும் மிகப் பிந்தியது. குவைத்தில் வாழ்ந்த டிக்சன் 1949ல் வெளியிட்ட பெரிய புத்தகத்தில் கூடாரத்தின் ஒவ்வொரு கயிற்றுக்கும் பெயர் இருக்கிறது. ஆனால் அதுவும் எண்ணெய்க் காலத்தின் வாசற்படியில் நின்று எழுதியது.

பால்கிரேவை விலக்கியதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. பம்பாய் ராணுவத்தில் அதிகாரியாக இருந்து, பிறகு ஜெசூட் துறவியாகி, 1853 வரை தென்னிந்தியாவில் சமயப் பணி செய்தவர் அவர். 1862, 63ல் சிரியா நாட்டு மருத்துவராக வேடம் போட்டு அரேபியாவைக் குறுக்கே கடந்து, 1865ல் புத்தகம் வெளியிட்டார். சரளமான நடை, கையில் எடுத்தால் கீழே வைக்க முடியாது. ஆனால் அவர் சொன்னவற்றில் பலவற்றை நம்ப முடியாது என்று பின்னால் அந்த நாட்டை நன்றாக அறிந்த ஃபில்பி எழுதினார். அதைவிட முக்கியமான காரணம், பால்கிரேவுக்கு ஊர்களில் குடியிருந்த அரபிகளைத்தான் பிடித்தது, பெதூயின்களைப் பிடிக்கவில்லை. மனம் ஒட்டாதவர் எழுதியதை ஒருவன் முதல் புத்தகமாகப் படிக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆக, மிஞ்சியவர்கள் நான்கு பேர். சுவிட்சர்லாந்துக்காரர் யோஹான் லுட்விக் பர்க்ஹார்ட், இங்கிலாந்தின் சார்லஸ் டௌட்டி, லேடி ஆன் பிளண்ட், இன்றைய செக் நாட்டுப் பாதிரியார் அலோய்ஸ் மூசில். இந்த நால்வரையும் ஒப்பிட ஒரு வசதி இருப்பதை இந்த முறை புரட்டும்போதுதான் கவனித்தேன். நால்வரும் பழகிய முக்கியமான கூட்டங்கள் எல்லாம் அனஸா என்கிற ஒரே பெருங்குலத்தின் கிளைகள். பர்க்ஹார்ட் 1810ஐ ஒட்டிச் சிரியப் பாலையில் விசாரித்து எழுதியது அனஸாவைப் பற்றி. டௌட்டி 1877ல் கூடாரத்தில் தங்கிய ஃபுகரா கூட்டம் அனஸா. லேடி ஆனை 1879ல் ஈட்டியோடு வந்து தாக்கிய ருவாலா கூட்டமும் அனஸா. அதே ருவாலா மக்களோடுதான் மூசில் 1908 முதல் 1915 வரை பல தடவை போய்த் தங்கினார். நூறு ஆண்டுக் காலத்தில் ஒரே வீட்டை நான்கு பேர் நான்கு ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார்கள்.

ஒப்பிட ஒரு சொல்லை எடுத்துக்கொண்டேன்: தகீல். அடைக்கலம் புகுந்தவன் என்று பொருள். அரசனும் காவலரும் நீதிமன்றமும் இல்லாத வெளியில், ஒருவனுடைய உயிரைக் காப்பாற்றுவது அந்தச் சொல்தான். அதை நால்வரும் எப்படிக் காட்டுகிறார்கள் என்று பார்த்தாலே அவரவர் புத்தகம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

பர்க்ஹார்ட்டிலிருந்து தொடங்குகிறேன். 1784ல் பிறந்தவர். ஆப்பிரிக்காவின் உட்பகுதியை ஆராய லண்டனில் இருந்த ஒரு சங்கம் இவரைச் சம்பளத்துக்கு அமர்த்தியது. அங்கே போவதற்கு முன் அரபியும் இஸ்லாமியச் சட்டமும் பழுதில்லாமல் கற்றுக்கொள்ள வேண்டும் என்று 1809ல் அலெப்போவுக்கு வந்தார். ஷேக் இப்ராஹிம் என்று பெயர் வைத்துக்கொண்டு இரண்டரை வருடம் சிரியாவில் இருந்தார். அந்த நாட்களில் பாலைக்குள் போய்ப் பலமுறை கொள்ளை போனார். 1812ல் இன்றைய ஜோர்தானில் உள்ள பழைய நகரம் பெட்ராவின் இடிபாடுகளை முதலில் பார்த்துச் சொன்ன நவீன ஐரோப்பியர் இவரே. ஹாரூன் நபியின் கல்லறையில் ஆடு பலி கொடுக்க நேர்ந்துகொண்டதாகச் சொல்லி அந்தப் பள்ளத்தாக்குக்குள் போனார். எழுதுகிறவனைப் புதையல் தேடும் மந்திரவாதி என்று நினைத்துவிடுவார்கள் என்பதால் குறிப்புகளை மேலங்கிக்குள் மறைத்து எழுதினார். கடைசிவரை அவரை அனுப்பிய வேலை நடக்கவே இல்லை. 1817ல் கெய்ரோவில் வயிற்றுப்போக்கில் இறந்தபோது 32 வயது. பெதூயின்களைப் பற்றிய அவருடைய குறிப்புகள் 1830ல்தான் புத்தகமாக வந்தன.

அந்தப் புத்தகத்தில் அவர் தன்னைப் பற்றிப் பேசுவதே இல்லை. கூடாரம், அதன் சாமான்கள், உடை, உணவு, சொத்து, கல்யாணம், விவாகரத்து, கொள்ளை, பழிவாங்கல் என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தெளிவாகச் சொல்லிக்கொண்டு போகிறார். பத்து ஒட்டகம் மட்டும் வைத்திருப்பவன் ஏழை, முப்பது நாற்பது இருந்தால் வசதியானவன், அறுபது இருந்தால் பணக்காரன் என்கிறார். கொலைப்பழி ஐந்து தலைமுறை உறவுக்குள் மட்டுமே படியும் என்கிறார். அதற்கு வெளியே இருக்கும் உறவினன் நிம்மதியாகத் தூங்கலாம். இதெல்லாம் படிக்கும்போது, ஒரு சமூகத்தின் சட்டப் புத்தகத்தை யாரோ பக்கத்தில் உட்கார்ந்து விளக்குவது போல இருக்கும்.

தகீல் பற்றி அவர் சொல்வதுதான் என்னை அவரிடம் கட்டிப் போட்டது. ராத்திரியில் எதிரிக் கூட்டத்தின் ஒட்டகத்தைத் திருட வந்தவன் பிடிபட்டுவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடித்தவனுக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு. கைதி அங்கே வேறு யாரையாவது தொட்டுவிட்டால், யாருடைய உணவிலாவது ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால், அந்த ஆளின் அடைக்கலத்துக்குள் போய்விடுவான். அப்புறம் மீட்புப் பணம் கிடைக்காது. அதனால் கைதியைக் கூடாரத்துக்குள் குழி தோண்டிக் கட்டிப் போடுகிறான், அடைக்கலம் கேட்கும் உரிமையைக் கைவிடுவதாகச் சொல்ல வைக்கிறான். செய்தி கேட்ட கைதியின் தாய், பிச்சைக்காரி போல அந்த முகாமுக்கு வருகிறாள். இருட்டில் மகன் கிடக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, ஒரு நூல்கண்டின் முனையை அவன் வாயில் வைக்கிறாள். நூலை விட்டுக்கொண்டே பக்கத்துக் கூடாரத்துக்குப் போய், தூங்குகிறவனை எழுப்பி, மறுமுனையை அவனிடம் கொடுக்கிறாள். அவன் நூலைப் பிடித்துக்கொண்டே நடந்து வருகிறான். நூல் எங்கே போய் முடிகிறதோ அங்கே கிடப்பவன் அவனுடைய அடைக்கலம். கட்டை அவிழ்த்தாக வேண்டும். அவிழ்த்து, விருந்தாளியாக நடத்தி அனுப்புகிறார்கள்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு நூலின் வலிமையை இவ்வளவு பேர் ஒப்புக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள். பாலைவனத்தில் சட்டமே இல்லை, கையில் வலு உள்ளவன் வைத்ததே நியாயம் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய திருத்தம்.

பர்க்ஹார்ட்டின் குறை என்னவென்றால், அதில் மனிதர்களுக்கு முகம் இல்லை. வழக்கம் தெரியும், அந்த வழக்கத்தில் வாழ்ந்த ஒரு ஆளைத் தெரியாது. தாய் வந்தாள் என்கிறார், எந்தத் தாய் என்று இல்லை. நடந்த ஒன்றைச் சொல்கிறாரா, நடக்கக்கூடியதைச் சொல்கிறாரா என்பதும் பல இடங்களில் பிரியாது. கேட்டு எழுதியது நிறைய, கூட இருந்து பார்த்தது குறைவு.

லேடி ஆன் பிளண்டிடம் இதற்கு நேர்மாறு. கவிஞர் பைரனின் பேத்தி. கணித மேதை ஏடா லவ்லேஸின் மகள். கணவர் வில்ஃபிரிட் பிளண்டோடு முதலில் யூப்ரடீஸ் நதிக்கரைக் கூட்டங்களிடம் போய்வந்து 1879ல் ஒரு புத்தகமும், பிறகு டமாஸ்கஸிலிருந்து நஃபூத் மணற்பரப்பைக் கடந்து ஹாயில் நகருக்குப் போய்வந்து 1881ல் நஜ்த் (நடு அரேபியா) பயணத்தைப் பற்றி இன்னொரு புத்தகமும் எழுதினார். நான் சொல்வது இரண்டாவதை. நாட்குறிப்பு நடை. அன்றன்றைக்குக் குளிர் எப்படி, ஒட்டகம் எதை மேய்ந்தது, இரவுக்கு என்ன சாப்பாடு என்று கூடவே நடத்திக்கொண்டு போவார்.

1879 ஜனவரி 3ம் தேதி, வாதி சிர்ஹான் பகுதியில், முழங்கால் சுளுக்கோடு அவர் கணவரோடு தனியே இருந்தபோது ருவாலா குதிரைக்காரர்கள் ஈட்டியோடு பாய்ந்தார்கள். கூட வந்த ஆட்கள் தள்ளி இருந்தார்கள். கணவரின் துப்பாக்கியைப் பிடுங்கி அதன் கட்டையாலேயே அவர் தலையில் அடித்தார்கள். அப்போது லேடி ஆன் கத்தியது, நான் உன் தகீல் என்ற அரபிச் சொற்களை. அதோடு அடி நின்றது. கூட வந்தவர்கள் யார் என்று தெரிந்ததும் பறித்த குதிரைகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அடித்தவர்களும் அடிபட்டவர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேரீச்சம்பழம் சாப்பிட்டார்கள். பர்க்ஹார்ட் எழுபது வருடத்துக்கு முன்னால் எழுதிய சட்டம் இங்கே ஒரு பெண்ணின் வாயில், ஒரு நொடியில், உயிரோடு வேலை செய்கிறது.

பெண்கள் பக்கம் பார்க்க அவரால்தான் முடிந்தது. வழித்துணையாக வந்த, சிரியாவின் பால்மைரா ஊரைச் சேர்ந்த முகம்மது, தன் பழைய உறவுக் குடும்பத்தில் பெண் கட்ட வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். உறவினர் வீடு ஜவ்ஃப் பகுதியில் கிடைத்தது. பெண் பார்க்க உள்ளே போனது லேடி ஆன். மூன்று சகோதரிகளையும் பார்த்து, பேசி, இளையவள்தான் பொருத்தம் என்று வெளியே வந்து சொல்கிறார். பிறகு பரிசப் பணத்துக்கு நடக்கிற பேரம் இருக்கிறதே, நம்ம ஊர்க் கல்யாணப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தப் பக்கங்கள் அந்நியமாகவே இருக்காது. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். அந்தக் குடும்பம் பேரீச்சந்தோப்பு ஊரில் குடியிருந்த குடும்பம், அலைந்து திரிகிற பெதூயின் குடும்பம் இல்லை.

ஹாயிலில் அமீர் முகம்மது இப்னு ரஷீதின் கோட்டை. சமையல்கட்டில் ஏழு பிரம்மாண்டமான அண்டாக்கள், ஒவ்வொன்றிலும் முழு ஒட்டகம் மூன்றை வேகவைக்கலாம் என்று எழுதுகிறார். ஒருநாள் அமீர் இவர்களுக்கு ஒரு விளையாட்டுப் பொருளை வேலை செய்ய வைத்துக் காட்டுகிறார். அது டெலிபோன்! 1879ல், நடுப் பாலைவனத்தில். காலம் உறைந்துபோன பாலைவனம் என்று எழுதுகிறவர்களிடம் எல்லாம் நான் இந்தப் பக்கத்தைத்தான் நீட்டுவேன். டெலிபோனின் இரண்டு முனையிலும் பேசிக் காட்டியவர்கள் அமீரின் அடிமைகள் என்பதையும் அதே பக்கத்தில் படிக்க வேண்டியிருக்கிறது. அடிமை முறை இந்த எல்லாப் புத்தகங்களிலும் பின்னணியில் இருக்கிறது. அதைத் தாண்டிப் போய்விடாமல் படிக்க வேண்டும் என்று மச்சினனிடமும் சொன்னேன்.

பிளண்ட் தம்பதி குதிரை வாங்கப் போனவர்கள். பெதூயின் வாழ்க்கையை உயர்குடி வீரர்களின் வாழ்க்கையாகப் பார்த்தவர்கள். கையில் பணம் இருந்தது, ஷேக்குகளோடு சமமாக உட்கார்ந்தார்கள். பசித்தவன் கூடாரத்தில் மாதக்கணக்கில் பசியோடு கிடந்து பார்க்க அவர்களுக்கு அவசியம் வரவில்லை. குதிரைகளின் வம்சாவளி வருகிற பக்கங்களை நான் புரட்டிவிட்டுப் போனதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பசியோடு கிடந்தவர் டௌட்டி.

சஃபோக் பகுதியில் 1843ல் பிறந்து, கேம்பிரிட்ஜில் நிலவியல் (பாறை, மண் பற்றிய படிப்பு) படித்தவர். 1876 நவம்பரில் டமாஸ்கஸிலிருந்து கிளம்பிய ஹஜ் யாத்திரைக் கூட்டத்தோடு பயணம் செய்து, தபூக்கைத் தாண்டி, மதாயின் ஸாலிஹ் வந்து சேர்ந்தார். பாறையில் குடைந்த கல்லறைகளில் இருந்த நபாத்திய (பெட்ராவைக் கட்டிய பழைய மக்களின்) எழுத்துகளைப் படியெடுப்பதுதான் அவர் வந்த காரியம். அது முடிந்ததும் திரும்பிப் போகாமல் ஜைத் என்ற ஃபுகரா ஷேக்கோடு பாலைக்குள் போய்விட்டார். 1878 ஆகஸ்டில் ஜித்தாவில் வெளியே வரும்வரை கிட்டத்தட்ட இரண்டு வருடம். மற்றவர்கள் வேடம் போட்டார்கள், பணம் வைத்திருந்தார்கள். இவர் கலீல் என்ற பெயரில் போனாலும் தான் கிறிஸ்தவன் என்பதை எங்கேயும் மறைக்கவில்லை. அதனால் துரத்தப்பட்டார், அடி வாங்கினார், கைபரில் மாதக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டார், புரைதாவில் கொள்ளை போனார், மக்காவுக்கு அருகே கத்திமுனையில் நின்றார். கூடவே, கைபரில் முகம்மது அந்நஜூமி என்பவர் அவரைத் தம்பி போல வைத்துக் காப்பாற்றினார், உனைஸாவில் அமீர் ஸாமில் அன்பாக நடத்தினார்.

அவரிடம் அடைக்கலம் என்பது வழக்கமும் அல்ல, ஒருநாள் நிகழ்ச்சியும் அல்ல, தினசரிக் கணக்கு. பெதூயின் கூடாரத்தில் உண்டவனுக்குப் பாதுகாப்பு உண்டு, ஆனால் உண்ட உணவு வயிற்றில் இருக்கிறவரைதான் என்கிறார்: இரண்டு இரவும் நடுவில் ஒரு பகலும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று கேட்டு வளர்ந்த எனக்கு, உப்புக்கு இப்படி ஒரு கால அளவு இருந்ததைப் படித்தபோது முதலில் திக்கென்றது. பிறகு யோசித்தால், அதில் எவ்வளவு நேர்மை. அந்த இரண்டு இரவுக்குள் எதிரியின் மகனாக இருந்தாலும் தொட மாட்டார்கள். அதைத் தாண்டி என்ன நடக்கும் என்று யாரும் பொய் வாக்குக் கொடுப்பதில்லை. டௌட்டி அந்த இரவுகளை எண்ணிக்கொண்டே இரண்டு வருடம் வாழ்ந்தார்.

விருந்தோம்பலைப் பற்றியும் அப்படித்தான். பாலைவனத்து ஷேக் என்றாலே ஒட்டகத்தை அறுத்துப் போடுகிற வள்ளல் என்று நினைக்கிறோம். டௌட்டியின் ஜைத் ஒரு கஞ்சன். பேச்சில் கம்பீரம், கொடுப்பதில் இறுக்கம். அவருடைய இளம் மனைவி ஹிர்ஃபாவுக்கும் அவருக்கும் நடக்கும் பிணக்குகள் ஒரு நாவலில் வருவது போல வருகின்றன. வசந்தத்தில் மேய்ச்சல் செழித்து ஒட்டகப் பால் பொங்கும்போது அந்த மக்களின் முகம் எப்படி மாறுகிறது, கோடையில் பால் வற்றியதும் எல்லாரும் கூடாரத்து நிழலில் எப்படி அசையாமல் கிடக்கிறார்கள் என்று அவர் எழுதியதைப் படித்த பிறகுதான் பாலைவனத்தில் பசி என்பது நிகழ்வு இல்லை, பருவம் என்று எனக்குப் புரிந்தது. காப்பிக் கொட்டையை வறுப்பதும், உரலில் இடிக்கும் ஓசை கேட்டு ஆண்கள் ஒவ்வொருவராக வந்து உட்காருவதும் அவரைப் போல வேறு யாரும் எழுதவில்லை.

அப்படியானால் அவரைத்தானே முதலில் சொல்ல வேண்டும்? தபூக்கே அதில் வருகிறதே? நானும் அப்படித்தான் நினைத்தேன், முதல் இரண்டு நாள். தயங்கியதற்குக் காரணம் மொழி. அவர் வாழ்ந்த விக்டோரியா காலத்து ஆங்கிலம் அவருக்குப் பிடிக்கவில்லை. சாசர், ஸ்பென்சர் என்ற பழைய ஆங்கிலக் கவிஞர்கள் காலத்துச் சொற்களையும் அரபி வாக்கிய அமைப்பையும் கலந்து ஒரு மொழி செய்துகொண்டார். பல பதிப்பகங்கள் மறுத்து, 1888ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டது. மொத்தம் ஆயிரம் பக்கத்துக்கு மேல். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களே திணறுகிறார்கள். வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு அறைக்கு வந்து படிப்பவனிடம் இதைக் கொடுத்தால் இருபதாம் பக்கத்தில் மூடி வைத்துவிடுவான். அப்புறம் திறக்கவே மாட்டான். 1908ல் வந்த சுருக்கப் பதிப்பு ஒன்று உண்டு. நடை அதேதான், பக்கம்தான் குறைவு.

இன்னொன்றும் உண்டு. இஸ்லாத்தைப் பற்றிப் பேசும் இடங்களில் டௌட்டியின் எழுத்தில் கசப்பு வழிகிறது. அவர் பட்ட பாட்டுக்கு அதைப் புரிந்துகொள்ளலாம், ஆனால் நியாயமாகாது. முஸ்லிம் சக ஊழியர்கள் நடுவில் புதிதாக வாழப் போகிறவனுக்கு அந்த நாட்டின் முதல் அறிமுகம் அந்தக் குரலில் வர வேண்டாம் என்று நினைத்தேன்.

மூசிலைப் பற்றி. 1898ல் இன்றைய ஜோர்தானில் குஸைர் அம்ரா என்ற சுவரோவிய மாளிகையை வெளியுலகுக்குச் சொன்னவர் இவர். ருவாலா மக்கள் இவரை ஷேக் மூசா என்று அழைத்தார்கள், தலைவர் நூரி இப்னு ஷாலான் நண்பரானார். 1928ல் நியூயார்க்கில் வெளியான அவர் புத்தகம் எழுநூறு பக்கம். வானம், மழை, செடி, ஒட்டகம், கூடாரம், பிறப்பு, கல்யாணம், போர், சாவு என்று எதையும் விடவில்லை. ஒட்டகத்துக்கு வயதுக்கு ஒரு பெயர். மழைக்குப் பருவத்துக்கு ஒரு பெயர். கோடை முடியும் வேளையில் விடியலில் தெற்கே சுஹைல் நட்சத்திரம் தெரிந்ததும் மழையை எதிர்பார்க்கத் தொடங்குகிறார்கள். நாம் அகத்தியன் என்று சொல்கிற அதே நட்சத்திரம். தீக்கோழி இறகு வைத்து அலங்கரித்த ஒரு மரச் சிவிகை ருவாலா குலத்தின் அடையாளம். இறுதிப் போர் என்று வந்தால் அதை ஒட்டகத்தில் ஏற்றி, ஒரு இளம்பெண் அதில் அமர்ந்து ஆண்களை ஊக்குவாள், அது எதிரி கையில் போனால் குலத்தின் மானம் போனது. ஆநிரை கவர்வதையும் மீட்பதையும் பாடிய மொழிக்காரர்கள் நாம், அந்தப் போர் அத்தியாயத்தைத் தனி ஈடுபாட்டோடு படிக்கலாம்.

மற்ற மூவரிடமும் இல்லாத ஒன்று மூசிலிடம் இருக்கிறது. அவர் நூற்றுக்கணக்கான பாட்டுகளை அரபி மூலத்தோடும் மொழிபெயர்ப்போடும் கொடுத்திருக்கிறார். ஒரு வழக்கத்தைச் சொன்னால் அதைப் பற்றி அந்த மக்கள் பாடிய பாட்டு பின்னாலேயே வருகிறது. தகீல் பற்றிப் படித்தால், அடைக்கலம் கொடுத்தவனைப் புகழ்ந்தும் கைவிட்டவனை இகழ்ந்தும் அவர்களே பேசுவதைக் கேட்கலாம். மற்ற மூன்று புத்தகங்களிலும் பெதூயின்களை வேறொருவர் கண் வழியாகப் பார்க்கிறோம். இதில் அவர்கள் குரல் நேராக வருகிறது. நான்கில் எது இல்லாமல் என்னால் இருக்க முடியாது என்று கேட்டால் மூசில் என்றுதான் சொல்வேன். ஆனால் அது அகராதி போன்ற புத்தகம். முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை யாரும் படிக்க மாட்டார்கள், படிக்கவும் வேண்டாம்.

ஆக, டௌட்டிக்கும் பர்க்ஹார்ட்டுக்கும் நடுவில்தான் கடைசி இரண்டு நாளும் போனது. லேடி ஆன் மனதில் இருந்தார். கதை போலப் படிக்க வேண்டும், ஒரு வாரத்தில் முடிக்க வேண்டும் என்பவர்களுக்கு இன்றும் அவரையே சொல்வேன். ஆனால் மச்சினன் கேட்டது, மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று. ஜனவரி 3ம் தேதி அந்தக் குதிரைக்காரர்களின் அடி ஏன் நின்றது என்று லேடி ஆனைப் படிப்பவனுக்குப் பாதிதான் புரியும். ஜைத் ஏன் டௌட்டியைக் கைவிடவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல் தவித்தார் என்பதும் அப்படித்தான். நூல்கண்டுக் கதையைப் படித்தவனுக்கு இரண்டும் முழுதாகப் புரியும். எனக்கே அப்படித்தான் நடந்தது. பல வருடத்துக்கு முன் டௌட்டியை நேராக எடுத்துப் பாதியில் விட்டேன். பர்க்ஹார்ட்டைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனபோது, முன்பு வெறும் சச்சரவாகத் தெரிந்த பக்கங்களில் எல்லாம் யாருக்கு யார் மேல் என்ன உரிமை என்ற கணக்கு ஓடுவது தெரிந்தது.

அதனால் பர்க்ஹார்ட்டைச் சொன்னேன். முதல் தொகுதி மட்டும் போதும். இரண்டாவதில் பெரும்பகுதி வஹாபிகள் என்ற இஸ்லாமியச் சீர்திருத்த இயக்கத்தாரின் வரலாறு, அது வேறு விஷயம். ஆங்கிலம் எளிமை, அத்தியாயங்கள் சிறியவை, நடுவில் பத்து நாள் விட்டுவிட்டு எடுத்தாலும் தொடர்ச்சி அறுந்துபோகாது.

வேறு மாதிரி வாசகர்களுக்கு வேறு பதில் உண்டு. பழைய ஆங்கிலத்தில் ருசி உள்ளவர்கள், கம்பனைச் சத்தமாகப் படித்துப் பழகியவர்கள், டௌட்டியையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கண்ணால் படிக்கும்போது முட்டுகிற வாக்கியம் காதால் கேட்கும்போது வழி விடும். மதாயின் ஸாலிஹ் கோட்டை அத்தியாயங்களைத் தாண்டி, ஜைதோடு பாலைக்குள் போகிற இடத்தில் தொடங்கினாலும் தப்பில்லை. அரபி கொஞ்சம் தெரிந்தவர்கள் யோசிக்காமல் மூசிலை எடுக்கலாம்.

பர்க்ஹார்ட், டௌட்டி, லேடி ஆன் மூவருடைய பழைய பதிப்புகளும் காப்புரிமை முடிந்தவை. இணைய நூலகங்களில் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம். ஸ்கேன் செய்த பிரதிகளில் வரைபடம் மடிந்தே இருக்கும், அதற்கு மட்டும் தனியாக ஒரு நல்ல வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மச்சினனுக்குப் போனிலேயே படிக்கிற மாதிரி கோப்பை அனுப்பிவிட்டேன். கொள்ளையர்களைப் பற்றிய அத்தியாயத்தில், அந்தத் தாய் நூலோடு வருகிற பக்கத்தில் ஒரு குறி போட்டிருக்கிறேன்.